படிப்பு, நட்பு, உலகம்: ஜூனியர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

நான் கணிதம் மூன்றாமாண்டு படிக்கிறேன். இரண்டு வருடமாக விடுதியில் முதலாமாண்டுப் பிள்ளைகள் கதவைத் தட்டி, "அக்கா, ஒரு நிமிஷம்" என்று ஆரம்பித்துக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பியதில் எனக்கே திருப்தி இல்லை. அதனால் உட்கார்ந்து முழுசாக எழுதிவிட்டேன். ஆய்வு முடிவுகள் வரும் இடத்தில் ஆண்டையும் எண்ணையும் கொடுத்திருக்கிறேன். மற்றதெல்லாம் நான் பட்டுத் தெரிந்துகொண்டவை.

படித்ததெல்லாம் பரீட்சை ஹாலில் மறந்துபோகிறது. எனக்கு ஞாபகசக்தி குறைவா?

இல்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

முதலாமாண்டு இரண்டாம் பருவத்தில் நேரியல் இயற்கணிதத் தாளில் நான் ஃபெயில். படிக்காமல் ஃபெயில் ஆகவில்லை, அதுதான் வலித்தது. நோட்டை நாலு தடவை வாசித்திருந்தேன். மஞ்சள் ஹைலைட்டர் தீர்ந்துபோய் இன்னொன்று வாங்கியிருந்தேன். சமச்சீர் அணியின் வெவ்வேறு ஐகன் மதிப்புகளுக்கு உரிய திசையன்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும் என்று நிறுவச் சொல்லிக் கேள்வி வந்தது. அந்தப் பக்கம் அப்படியே என் கண்முன் நின்றது. இடது பக்கம், கீழ்ப்பாதி, மஞ்சள் கோடு, ஓரத்தில் "முக்கியம்" என்று நான் போட்ட நட்சத்திரக் குறி, எல்லாம் தெரிந்தது. முதல் வரி மட்டும் வரவில்லை. மொத்தமே மூன்று வரி நிறுவல் அது. இரண்டு திசையன்களுக்கு நடுவே அணியை வைத்து, அந்த ஒரே பெருக்கலை இரண்டு விதமாக எழுதிச் சமப்படுத்தினால் விடை தானாக விழும். பத்து நிமிடம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கண்ணுக்குப் பழகியதை மனதுக்குத் தெரிந்தது என்று நான் எண்ணிவிட்டேன். நம்மில் பலர் செய்வது இதுதான். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதைத் துல்லியமாகக் காட்டியது. ஒரு பத்தியை ஒரு குழு நான்கு சுற்று வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் வாசித்து, மீதி மூன்று சுற்றும் பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழுவுக்குத்தான் அதிக மதிப்பெண். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். வாசித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். என்னை உலுக்கிய விஷயம் வேறு. "ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும்?" என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் நான்கு சுற்று வாசித்தவர்கள். நானும் அந்தப் பரீட்சைக்கு முதல் நாள் இரவு அதே நம்பிக்கையோடுதான் தூங்கப் போனேன்.

அப்படியென்றால் இப்போது எப்படிப் படிக்கிறீர்கள்?

வெறுந்தாள்தான். வகுப்பு முடிந்த அன்று மாலை நோட்டை மூடி வைத்துவிட்டு, அன்று நடந்ததை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் பார்க்கிறேன். வரையறை, தேற்றம், ஏன் அப்படி என்பதற்கு ஒரு வரி. முட்டும் இடத்தில் கோடு போட்டு இடம் விட்டுவிடுவேன். எழுதி முடித்த பிறகுதான் நோட்டைத் திறந்து, விட்ட இடங்களை வேறு மையில் நிரப்புவேன். நான் படிக்க வேண்டியது அந்த வேறு மை மட்டும்தான். மற்றது ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது. மூன்று நாள் கழித்து அதே தலைப்பில் புதுத்தாள். பிறகு இரண்டு வாரம் கழித்து இன்னொன்று.

முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். ஒரு மணி நேர வகுப்பிலிருந்து நாலு வரிகூடத் தேறாது. அப்போது "எனக்கு ஒன்றுமே ஏறவில்லை" என்று நினைத்து மறுபடி வாசிக்கப் போய்விடாதீர்கள். அந்தத் திணறலில்தான் வேலை நடக்கிறது.

மறப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மானியரான எப்பிங்ஹாஸ், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, இடைவெளி விட்டு மறுபடி கற்று, இரண்டாம் முறை எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கெடுத்தார். 1885-இல் அதை வெளியிட்டார். ஒரு நாள் கழித்து மிச்சமானது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம். "ஒரே நாளில் இவ்வளவு போய்விட்டதே" என்றுதான் எல்லாரும் இதைச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதே அட்டவணையின் கடைசி வரி. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. அடியோடு மறந்துவிட்டதாக நினைக்கும் பாடம்கூட இரண்டாம் முறை போகும்போது கொஞ்சம் வழிவிடுகிறது. விட்டுப்போன பாடத்தைத் திறக்கப் பயப்படும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

வகுப்பில் சந்தேகம் கேட்க வெட்கமாக இருக்கிறது. எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே?

நாம் நினைக்கிற அளவுக்குப் பார்ப்பதில்லை. 2000-ஆம் ஆண்டு கிலோவிச்சும் அவர் குழுவும் வெளியிட்ட ஒரு சோதனை: பாடகர் ஒருவரின் முகம் பெரிதாக அச்சிட்ட, போட்டுக்கொள்ளவே கூச்சமான ஒரு டி-சர்ட்டை மாணவர் ஒருவருக்கு மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் மதிப்பிட்டார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிப் பேர்.

"எனக்குப் புரியவில்லை" என்று மட்டும் சொன்னால் ஆசிரியரால் உதவ முடியாது என்பதும் உண்மை. "இரண்டாவது வரி வரைக்கும் புரிகிறது, மூன்றாவது எப்படி வந்தது?" என்று கேளுங்கள். அப்படி ஒருவர் கேட்டதும் பின்வரிசையில் நான்கு பேனாக்கள் வேகமாக எழுதத் தொடங்கும். நான் பார்த்திருக்கிறேன்.

பரீட்சைக்கு முதல் நாள் இரவு முழுக்க விழிக்கலாமா?

வேண்டாம். பதினேழு பதினெட்டு மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவர்களின் அளவுக்குக் குறைகிறது என்று 2000-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. அந்த நிலையில் மூன்று மணி நேரப் பரீட்சை எழுதப் போவதா? தூங்குங்கள்.

வந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் எனக்கு நெருங்கிய தோழி என்று யாரும் இல்லை. என்னிடம்தான் குறையா?

இந்தக் கேள்வியை யாரும் நேரடியாகக் கேட்பதில்லை. பாடச் சந்தேகம் கேட்க வந்து, எழுந்து கதவுவரை போய், அங்கே நின்றுகொண்டு கேட்பார்கள்.

குறை உங்களிடம் இல்லை, கணக்கில் இருக்கிறது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெறும் அறிமுகம் சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். நல்ல நட்பாக 90 மணி நேரம். நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கும் மேல். வகுப்பில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த நேரம் இதில் அவ்வளவாகச் சேராது. ஓய்வாகப் பேசி, சிரித்து, சும்மா சுற்றிய நேரம்தான் கணக்கு. ஒருவரோடு வாரத்தில் ஐந்து நாள், தினம் ஒரு மணி நேரம் இருந்தாலும் இரண்டு மாதத்தில் நாற்பது மணி நேரம்தான் ஆகியிருக்கும். முதல் படியையே நீங்கள் இன்னும் எட்டவில்லை. பள்ளித் தோழிகளோடு பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, இங்கே இரண்டு மாதத்தில் அதே நெருக்கத்தைத் தேடுவது நியாயமில்லை.

இடமும் முக்கியம். எம்.ஐ.டி.யின் வெஸ்ட்கேட் மாணவர் குடியிருப்பில் ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் ஆகிய மூவர் செய்த ஆய்வு 1950-இல் வெளிவந்தது. அடுத்த வீட்டுக்காரரை நண்பர் என்று சொன்னவர்கள் 41 சதவீதம். அதே மாடியின் இரு கோடிகளில் இருந்தவர்களிடையே 10 சதவீதம்தான். நடுவில் இருந்தது சில வீடுகள்தான்! அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: ஏதாவது ஒரு இடத்துக்கு ஒரே நேரத்தில் தினமும் போங்கள். நூலகம், மைதானம், பாட்டுக் குழு, எதுவாகவும் இருக்கட்டும்.

எனக்கு அந்த இடம் நூலகத்தின் இரண்டாம் மாடி, சன்னலோர மேசை. முதலாமாண்டில் எதிரே ஒருத்தி தினமும் வந்து உட்காருவாள். மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் அழிப்பான் தேய்க்கும்போது மேசை முழுக்க ஆடும், என் எழுத்து கோணும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் நிமிர்ந்தேன். அவள் தாளில் ஒரே இடத்தை அழித்து அழித்து ஓட்டையே விழுந்திருந்தது. "எந்த வரி?" என்று கேட்டேன். தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள். அன்று எனக்கும் விடை தெரியவில்லை. மூடும் மணி அடிக்கும்வரை இரண்டு பேரும் சேர்ந்து அந்த ஓட்டையைச் சுற்றி எழுதிக்கொண்டிருந்தோம். இன்றும் அவள்தான் என் நெருங்கிய தோழி.

ஆனால் மற்றவர்களுக்கெல்லாம் என்னைவிட நிறைய நண்பர்கள் இருக்கிறார்களே?

இது உங்களுக்கு மட்டும் தோன்றுவதில்லை, கணிதப்படியே அப்படித்தான் வரும். ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் 1991-இல் இதை நிறுவினார். ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். நான்கு பேர். நடுவில் ஒருத்திக்கு மற்ற மூவரும் நண்பர்கள். அந்த மூவருக்கோ அவள் ஒருத்திதான். சராசரியாக ஒருவருக்கு ஒன்றரை நண்பர். இப்போது ஒவ்வொருவரையும், "உன் நண்பருக்கு எத்தனை நண்பர்கள்?" என்று கேளுங்கள். மூன்று பேர் "மூன்று" என்பார்கள், ஒருத்தி "ஒன்று" என்பாள். சராசரி இரண்டரை!

நிறைய நண்பர்கள் உள்ளவர் நிறையப் பேருடைய பட்டியலில் இருப்பார், அதனால் நம் கண்ணில் படுவதும் அவரே. விடுதியின் ஒவ்வொரு அறையிலும் யாரோ ஒருத்தி அந்த ஒரே ஒருத்தியைப் பார்த்துத்தான் ஏங்கிக்கொண்டிருக்கிறாள்.

நெருங்கிய தோழியோடு பேச்சு நின்றுவிட்டது. யார் முதலில் பேசுவது?

நீங்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர் யாரோ, அவர்தான் பேச வேண்டும்.

எனக்கும் அந்த நூலக மேசைத் தோழிக்கும் பதினோரு வாரம் பேச்சில்லாமல் இருந்தது. நான் ஃபெயிலான அதே தாளை இரண்டாம் முறை எழுதித் தேறினேன். அந்த முறை அவளுக்குப் போய்விட்டது. முடிவு வந்த அன்று நாலைந்து பேர் நடுவில், "ஈஸியாத்தானே இருந்துச்சு" என்று சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் மேசைக்கு வரவில்லை. "அவளே வரட்டும், நான் என்ன செய்தேன்?" என்று ஒரு வாரம். பிறகு தப்பு புரிந்தது, ஆனால் அதற்குள் ஒரு வாரம் கடந்துவிட்டதே என்ற கூச்சம். அந்தக் கூச்சம் வாரத்துக்கு வாரம் பெரிதாகிக்கொண்டே போனது. ஒரு வருடத்துக்கு முன்னால் அதே தாளில் ஃபெயிலானபோது நான் எப்படி இருந்தேன் என்பது எனக்குத்தானே தெரியும்? தெரிந்தே சொன்னேனே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைசியில் அனுப்பியது மூன்று வரி. எழுதுவதற்கு ஒரு மாலை முழுக்க ஆனது. "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் ஈஸின்னு சொன்னேன்ல. அது தப்புடி. மன்னிச்சிடு." "உன்னைக் காயப்படுத்தியிருந்தால்" என்ற சொற்றொடரை எழுதி எழுதி அழித்தேன். 'இருந்தால்' என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை, காயப்பட்டிருந்தாள். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "மேசையில இடம் இருக்கா?"

நீண்ட நாள் கழித்துத் தொடர்பு கொண்டால் எதிராளி எவ்வளவு மகிழ்வார் என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்று பெகி லியூவின் குழு 2022-இல் காட்டியது. எதிர்பாராத நேரத்தில் வரும் செய்திக்கு மகிழ்ச்சி இன்னும் அதிகமாம். எல்லாருக்கும் பதில் வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். வராவிட்டாலும் அந்த மூன்று வரி உங்களிடமிருந்து போயிருக்க வேண்டும்.

தலையாட்டிப் புன்னகைக்கிற அளவு அறிமுகங்கள்தான் எனக்கு நிறைய. அதனால் பயனுண்டா?

நிறையவே உண்டு. மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. தெரிந்தவர் மூலம் புது வேலை பெற்றவர்களிடம், "அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் மூலம் கிடைத்தது 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் மூலம் 55.6 சதவீதம், அரிதாகப் பார்ப்பவர் மூலம் 27.8 சதவீதம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். வேறு துறை மாணவரோடு மாடிப்படியில் இரண்டு நிமிடம் பேசினால் வேறொரு உலகத்தின் சேதி வரும்.

இங்கே படிக்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது.

பாலின் கிளான்ஸும் சுசான் ஐம்ஸும் 1978-இல் இந்த உணர்வைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் பேசிப் பார்த்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் படிப்பிலும் தொழிலிலும் நன்றாகச் சாதித்த பெண்கள். தாங்கள் மற்றவர்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்றும், ஒரு நாள் குட்டு உடைந்துவிடும் என்றும் அந்தப் பெண்கள் பயந்துகொண்டிருந்தார்கள். இந்தச் சந்தேகம் வருவதே நீங்கள் தகுதியில்லாதவர் என்பதற்குச் சான்று ஆகாது. இதை மனதுக்குள் வைத்துக் குமையாமல் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். "எனக்கும்தான்" என்ற பதில் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு அசைன்மென்ட் செய்யலாமா?

முதலில் உங்கள் ஆசிரியர் என்ன விதி வைத்திருக்கிறார் என்று பாருங்கள். அதற்கு மேல் என் கருத்து: விடையைக் கேட்காதீர்கள், உங்கள் விடையைக் காட்டி எங்கே தவறு என்று கேளுங்கள். அது தரும் விடையை வாசிப்பது, நான் நோட்டை நாலு தடவை வாசித்ததைப் போன்றதுதான். வாசிக்கையில் எல்லாம் தெளிவாக இருக்கும், தாளை மூடினால் முதல் வரி வராது. அது தவறான நிறுவலையும் அதே உறுதியான குரலில் எழுதித் தரும் என்பதையும் மறக்காதீர்கள். தவறைப் பிடிக்கும் அளவுக்காவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செய்திகளைப் பார்த்தால் மனசு கனத்துப்போகிறது. உலகம் இப்படி இருக்கும்போது உட்கார்ந்து தேற்றம் படிப்பதில் என்ன அர்த்தம்?

இந்தக் கேள்வியோடு நானும் பல இரவுகள் கிடந்திருக்கிறேன். எனக்கு உதவியது ஒரு பழைய வரலாறு.

1960-இல் பிராகில் நடந்த ஒரு மாநாட்டில் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர், குடலில் குளுக்கோஸ் எப்படி உறிஞ்சப்படுகிறது என்று விளக்கினார். சோடியமும் குளுக்கோஸும் ஒரே வாசலில் சேர்ந்துதான் உள்ளே நுழைகின்றன என்பது அவர் கருத்து. அன்று அது செல் சவ்வைப் பற்றிய நுணுக்கமான ஆய்வு, அவ்வளவுதான். 1971-இல் வங்கதேச விடுதலைப் போரிலிருந்து தப்பி வந்த அகதிகளின் போங்கான் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மஹலநபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் அந்த எண்ணிக்கை நான்குக்கும் கீழே வந்தது. சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும், அதன் பின்னால் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும் என்பதால்தான் அது வேலை செய்தது.

1990-இல் உலகில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 93 பேர் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். 2022-இல் அது 37. இன்னும் 37 என்பது தாங்க முடியாத எண். ஆனால் 93-லிருந்து 37-க்கு வந்த தூரத்தில் அந்த உப்புச் சர்க்கரை நீரும் இருக்கிறது, தடுப்பூசியும் சுத்தமான குடிநீரும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவர் யாருக்கும் புரியாத ஒன்றை உட்கார்ந்து படித்த மாலைகள் இருக்கின்றன. நான் படிக்கும் தேற்றம் யார் உயிரையாவது காக்கும் என்று சொல்ல வரவில்லை. எது காக்கும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது என்பதால் படிக்கிறேன். நடப்பது நம் பக்கத்திலேயே என்றால் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போகவும் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அப்படியானால் செய்தி பார்ப்பதை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்?

நாளுக்கு ஒரு தடவை, மாலையில். கோபம் வரவைக்கும் எதையும் அன்றே யாருக்கும் அனுப்புவதில்லை. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 சேதிகளை எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அலசி 2018-இல் வெளியிட்டார்கள். உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகமாக இருந்தது. அதைப் பரப்பியதில் பெரும்பங்கு இயந்திரக் கணக்குகளுடையது அல்ல, மனிதர்களுடையது. பொய்யில் புதுமை அதிகம், புதுமையைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை. ஒரு இரவு காத்திருந்தால் பாதிச் சேதிகள் காலையில் வேறு முகத்தோடு இருக்கும்.

உங்களிடம் நேரில் வந்து கேட்கலாமா?

தாராளமாக. மாலை ஐந்து மணிக்கு மேல் நூலகம் இரண்டாம் மாடி, சன்னலோர மேசை. அவளும் இருப்பாள். மேசை இன்னும் ஆடுகிறது, அதனால் மை பேனா வேண்டாம், பென்சில் கொண்டு வாருங்கள். தாள் எங்களிடம் நிறைய இருக்கிறது.